இரத்தம் பிறந்த இரவைக் கண்டவர்

மருத்துவ உலகில் புளோரன்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் கைவிளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையார். அதே பெயர் கொண்ட மற்றொரு பெண்மணியும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திற்கு ஒவ்வொரு மாநிலமும் தன் தலைசிறந்த மக்கள் இருவரின் சிலைகளை வழங்குவது மரபு. படைத்தலைவர்களும் ஆட்சியாளர்களும் நிறைந்த அந்த வரிசையில், 1959-ஆம் ஆண்டு கொலராடோ மாநிலம் வழங்கிய வெண்கலச் சிலை ஒரு பெண்ணுடையது. ஆய்வுக்கூட அங்கி அணிந்து, நுண்ணோக்கியின் அருகே அமர்ந்திருக்கும் கோலம். அவர்தாம் புளோரன்ஸ் ரெனா சேபின்.

விலங்கியல் பயிலும் மாணவி நான். கருவியல் நூலில் இரத்தத் தீவுகள் என்று இரண்டு வரிகளில் படித்து முடிக்கும் செய்திக்குப் பின்னால், ஓர் இரவெல்லாம் இமை மூடாதிருந்த இரண்டு கண்கள் இருக்கின்றன என்று அறிந்த நாள்முதல் இவ்வம்மையாரின் வாழ்வு என் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. அவர் கண்டது உண்மையா என்று உலகம் நெடுநாள் ஐயுற்றது. அது எவ்வாறு நிகழ்கிறது என்னும் வினாவுக்கோ, அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னர்தான் விடை கிடைக்கத் தொடங்கியது. அவ்விரண்டையும் என் அறிவுக்கு எட்டியவாறு இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

தாயை இழந்த இளமை

1871-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், கொலராடோவின் சென்ட்ரல் சிட்டி என்னும் சுரங்க ஊரில் சேபின் பிறந்தார். தந்தையார் சுரங்கப் பொறியாளர். தாயார் ஆசிரியையாக இருந்தவர். சேபினுக்கு ஏழு வயதானபோது, மகப்பேற்றைத் தொடர்ந்து வந்த காய்ச்சலில் தாயார் இறந்து போனார். அதன்பின் அவரும் மூத்த சகோதரி மேரியும் விடுதிப் பள்ளியிலும், சிக்காகோவில் பெரியப்பா வீட்டிலும், வெர்மாண்டில் பாட்டன் பாட்டி வீட்டிலுமாக வளர்ந்தனர்.

சிறுமி சேபினின் கனவு பியானோ இசைக் கலைஞர் ஆவது. உன் வாசிப்பு சாதாரணமானதுதான் என்று பள்ளித் தோழி ஒருத்தி கூறியதும் அந்தக் கனவைக் கைவிட்டார் என்பர். இசை உலகின் இழப்பு அறிவியலின் பேறாயிற்று. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் விலங்கியலில் ஈடுபாடு கொண்டு 1893-இல் பட்டம் பெற்றார். மருத்துவம் பயில ஆசை, கையில் பணமில்லை. மூன்றாண்டுகள் ஆசிரியப் பணி செய்து பொருள் சேர்த்தார். பின்னரே, 1896-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைத்தார்.

அக்கல்லூரியின் கதவு பெண்களுக்குத் தானாகத் திறந்ததன்று. கட்டி முடிக்கப் பணமின்றித் தவித்த நேரத்தில், மேரி காரெட் என்னும் செல்வச் சீமாட்டி மூன்று இலட்சம் டாலருக்கும் மேல் அளித்தார். ஆண்களுக்குரிய அதே தகுதி அடிப்படையில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1893-இல் திறந்த அக்கதவின் வழியே நுழைந்த தொடக்ககாலப் பெண்களுள் ஒருவர் நம் சேபின்.

நிணநீர் நாளங்களின் ஊற்றுக்கண்

அங்கே உடற்கூற்றியல் பேராசிரியராக விளங்கியவர் பிராங்க்ளின் மால். மேடையில் நின்று பாடம் ஒப்பிப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பொருளை மாணவர் கையில் கொடுத்து, தாமே கண்டறியும்படி விட்டுவிடுவார். அந்த ஆசிரியருக்கு ஏற்ற மாணவியாக வாய்த்தார் சேபின். மாணவியாக இருந்தபோதே மூளைத்தண்டின் முப்பரிமாண மாதிரி ஒன்றை உருவாக்கினார். 1901-இல் அது நூலாக வெளிவந்து மருத்துவக் கல்லூரிகளில் பாடநூலாயிற்று. 1900-இல் மருத்துவப் பட்டம் பெற்று ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி முடித்த அவரை, நோயாளியின் படுக்கையைவிட ஆய்வுக்கூடமே இழுத்தது. 1902-இல் அக்கல்லூரியின் ஆசிரியக் குழுவில் இடம்பெற்ற முதற்பெண் ஆனார்.

அவர் கையிலெடுத்த முதற்பெரும் சிக்கல் நிணநீர் நாளங்கள். இரத்தக் குழாய்களுக்குத் துணையாக உடலெங்கும் பரவி, திசுக்களில் கசியும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை இவை. இவை எங்கிருந்து தோன்றுகின்றன? திசுக்களின் இடைவெளிகளில் தோன்றி, பின்னர் வளர்ந்து சென்று சிரைகளோடு இணைகின்றன என்பதே அன்றைய பெரும்பான்மைக் கருத்து. சேபின் சிறு பன்றிக் கருக்களை எடுத்துக்கொண்டார். நுண்ணிய ஊசியால் அவற்றின் நாளங்களில் வண்ண நீரைச் செலுத்தி, வயது வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். மிக இளைய கருவில் சிரைகளின் அருகே மட்டும் நிணநீர்ப் பைகள்; வயது ஏற ஏற, அங்கிருந்து கிளைத்துத் தோல் நோக்கிப் பரவும் நாளங்கள். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிவதுபோல, சிரையிலிருந்தே நிணநீர் நாளம் அரும்புகிறது என்று 1902-இல் அறிவித்தார்.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? ஹண்டிங்டன், மெக்லூர் போன்ற புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் மறுத்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. சேபின் சொல்லால் வாதிட்டதைவிட அடுத்தடுத்த ஆய்வுகளால் வாதிட்டதே மிகுதி.

இழந்த பதவியும் இழக்காத பணியும்

1917-ஆம் ஆண்டு சேபின் வாழ்வில் இன்பமும் துன்பமும் இணைந்து வந்த ஆண்டு. திசுவியல் பேராசிரியராக உயர்ந்து, அம்மருத்துவக் கல்லூரியின் முதற்பெண் பேராசிரியர் என்னும் சிறப்பை எய்தினார். அதே ஆண்டில் ஆசான் மால் மறைந்தார். துறைத்தலைவர் பதவி தகுதியால் சேபினுக்கே உரியது என்று பலர் எண்ணியிருந்தனர். பதவியோ அவரிடமே பயின்ற மாணவர் லூயிஸ் வீட் என்பவருக்கு வழங்கப்பட்டது. மாணவியர் வெகுண்டனர். இனியும் இங்கே இருப்பீர்களா என்று கேட்டவர்களுக்கு, கையில் ஆய்வு இருக்கும்போது எங்கே போவது என்ற பொருளில் விடையளித்தாராம்.

அநீதியைப் பொறுத்துக்கொள்வது பெருமையன்று. அதை நான் புகழவும் மாட்டேன். ஆனால் அன்று அவர் கோபத்தில் ஆய்வைத் துறந்து வெளியேறியிருந்தால் அடுத்த மூன்றாண்டுகளில் நிகழ்ந்தது நிகழாமல் போயிருக்கும். பதவி பிறர் தருவது. பணி தனக்குத் தானே தந்துகொள்வது. இவ்வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முட்டைக்குள் ஓர் இரவு

நம் செய்முறை வகுப்பில் 24 மணி, 33 மணி, 48 மணிக் கோழிக்கருக்களைக் கண்ணாடி வில்லைகளில் காண்கிறோம். ஒரு வில்லையில் இரத்தத் தீவுகள்; மற்றொன்றில் துலங்கிய இதயமும் குழாய்களும். ஒன்றிலிருந்து மற்றது எவ்வாறு வந்தது? சாயமேற்றப்பட்ட அந்தக் கருக்கள் யாவும் உயிரற்றவை. அவை நின்றுபோன கடிகாரங்கள். மணியைக் காட்டுமேயன்றி முள் நகர்வதைக் காட்டமாட்டா.

சேபின் முள் நகர்வதையே பார்க்க விரும்பினார். அடைகாத்த இரண்டாம் நாளில் முட்டையைத் திறந்து, மஞ்சட்கருவின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய கருத்தட்டைப் பிரித்தெடுத்தார். உப்புக் கரைசலில் தொங்கும் துளியாக அதனை அமைத்து, அடைவெப்பம் மாறாமல் காத்து, நுண்ணோக்கியின் கீழ் உயிரோடு வைத்தார். பின்னர் உறக்கம் மறந்து அமர்ந்தார்.

அவர் கண்ட காட்சியை 1920-இல் விரிவான ஆய்வுரையாக வெளியிட்டார். முதலில் இடைப்படலத்துச் செல்கள் சில, மற்றவற்றிலிருந்து மாறுபட்ட தோற்றம் கொண்டன. ஆஞ்சியோபிளாஸ்ட், அதாவது குழாய்க்கு முன்னோடியான செல் என்பது இவற்றின் பெயர். இவை பெருகிக் கொத்துக்கொத்தாகத் திரண்டன. ஒவ்வொரு கொத்தும் நுண்ணிய கைகளை நீட்டி அடுத்த கொத்தைத் தொட்டது; தனித்தனித் தீவுகள் இணைந்து வலையாயின. கொத்தின் நடுப்பகுதி நீர்த்துக் குருதிநீராக, விளிம்பிலிருந்த செல்கள் தட்டையாகிச் சுவராயின. அதன்பின் வந்ததே வியப்பின் உச்சம்: அந்தச் சுவரின் செல்களே பிரிந்து, உட்புறம் புடைத்து, செந்நிறம் ஏற்று இரத்தச் செல்களாயின. குழாயும் குருதியும் ஒரே குடும்பத்தில் பிறந்தன. இறுதியில் இதயம் ஒருமுறை அசைந்தது. பின்னர்த் துடிக்கத் தொடங்கியது. விடியும்வரை அமர்ந்து இதனைக் கண்ட அந்த இரவைத் தம் வாழ்வின் மிகப்பெரும் கிளர்ச்சியாக அவர் பிற்காலத்தில் கருதினார்.

குழாய்ச் சுவர் இரத்தமாக மாறும் என்பதை எல்லாரும் ஏற்கவில்லை. சுவர் சுவர்தான், அதில் ஒட்டிக்கொண்டிருந்த வேறு செல்களே இரத்தமாயின என்று வாதிட்டோர் இருந்தனர். கண் கண்டதை மெய்ப்பிக்க அன்று வேறு கருவி இல்லை.

புகழும் பொதுத்தொண்டும்

பிறகு சிறப்புகள் தொடர்ந்தன. 1924-இல் அமெரிக்க உடற்கூற்றியலாளர் சங்கத்தின் முதற்பெண் தலைவர். 1925-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண். அதே ஆண்டில் நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தின் முழு உறுப்பினரான முதற்பெண். அங்கே 1938 வரை, காசநோய்க் கிருமியை எதிர்க்கையில் வெள்ளணுக்கள் படும் பாட்டை ஆராய்ந்தார். இடையில், 1934-இல் தம் ஆசான் மாலின் வரலாற்றை நூலாக எழுதி நன்றிக்கடன் தீர்த்தார்.

ஓய்வுபெற்று டென்வர் நகரில் சகோதரியோடு அமைதியாக வாழ்ந்தவரை 1944-இல் மாநில ஆளுநர், போருக்குப் பிந்தைய சுகாதாரத் திட்டக் குழுவுக்குத் தலைவராக்கினார். முதியவர்தானே, தொல்லை தரமாட்டார் என்று கருதியிருக்கலாம். அந்த 73 வயது மூதாட்டியோ மாவட்டம் மாவட்டமாகச் சென்று, பனியையும் மலைப்பாதையையும் பொருட்படுத்தாது மக்களிடம் பேசினார். 1876-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தையே மாநிலம் இன்னும் கட்டிக்கொண்டு அழுவதை அம்பலப்படுத்தினார். 1947-இல் சேபின் சட்டங்கள் எனப் பெயர்பெற்ற புதிய சுகாதாரச் சட்டங்கள் நிறைவேறின. பின்னர் டென்வர் நகரச் சுகாதாரப் பொறுப்பேற்று மார்பு எக்ஸ்ரே இயக்கம் நடத்தியபோது, நகரின் காசநோய் வீதம் வெகுவாகக் குறைந்தது. 1951-இல் லாஸ்கர் பரிசு அவரைத் தேடி வந்தது. 1953 அக்டோபர் 3-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில் மறைந்தார்.

சாயம் ஏறாத மையம்

டி.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியானது 1953 ஏப்ரலில். சேபின் மறைந்ததும் அவ்வாண்டே. அவருடைய வினாவுக்குரிய விடை அச்சுருளில்தான் புதைந்திருந்தது.

உயிருள்ள செல்களுக்குச் சாயமேற்றுவதில் சேபின் வல்லவர். நியூட்ரல் ரெட், ஜேனஸ் கிரீன் முதலிய சாயங்களை மிக நீர்த்த அளவில் பயன்படுத்துவார். செல்லின் உடற்பகுதியில் உள்ள நுண்துகள்கள் நிறமேறி ஒளிரும். நடுவிலுள்ள உட்கருவோ நிறமின்றியே நிற்கும். உட்கருவில் சாயம் ஏறிவிட்டால் செல் இறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எனவே எல்லாவற்றையும் கண்ட அவருக்கு, மாற்றத்தை நடத்தும் மையம் மட்டும் வெறும் வெளிறிய வட்டமாகவே தெரிந்தது. இதனை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்த வட்டத்திற்குள் இருப்பது குரோமாட்டின். கொன்று பதப்படுத்திய செல்களில் சாயத்தை நன்கு ஏற்பதால் ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெமிங் இட்ட பெயர் இது. மனித செல் ஒன்றின் டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத உட்கருவில் அடங்க வேண்டும். எனவே ஹிஸ்டோன் எனப்படும் புரதங்கள் எட்டுச் சேர்ந்த சிறு உருளையைச் சுற்றி, 147 இணை எழுத்துகள் நீளத்திற்கு இழை சுற்றிக்கொள்கிறது. இவ்வாறு கோடிக்கணக்கான உருளைகள். இந்த அமைப்பு 1974-இல் தெளிவாயிற்று.

ஓர் உவமை கூறுகிறேன். ஒரு வீட்டில் ஓலைச்சுவடிக் கட்டுகள் பல உள்ளன. மருத்துவச் சுவடியும் உண்டு. சோதிடச் சுவடியும் உண்டு. கயிறு அவிழ்த்த கட்டைத்தான் படிக்க முடியும். நம் உடலின் பெரும்பாலான செல்களிலும் அதே சுவடிகள்தாம் உள்ளன. குழாய்ச் சுவரின் செல்லில் இரத்தச் சுவடி கட்டுண்டு கிடக்கிறது. இரத்தச் செல்லில் அது அவிழ்ந்திருக்கிறது. கட்டை அவிழ்க்கவும் மீண்டும் கட்டவும் தனிப்புரதக் கூட்டங்கள் உள்ளன. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவிட்டு, இவை ஹிஸ்டோன் உருளைகளை நகர்த்துகின்றன. சிலபோது பிடுங்கியும் விடுகின்றன. இதனையே குரோமாட்டின் மறுவடிவமைப்பு என்கிறோம்.

கருவின் இரத்தத்திற்கு இது எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பி.ஆர்.ஜி.-1 என்பது கட்டவிழ்க்கும் புரதங்களுள் ஒன்று. எலிக்கருவில், இரத்தமும் குழாயும் ஆகவுள்ள செல்களில் மட்டும் இதனை நீக்கினர். சிவப்பணுக்கள் தோன்றின, ஆனால் ஹீமோகுளோபினுக்குரிய கருநிலைக் குளோபின் மரபணுக்களைத் திறக்க முடியாமல் மடிந்தன. கருவுணவுப் பையின் குழாய் வலையும் சீராக அமையவில்லை. கரு பாதி வளர்ச்சியிலேயே இறந்தது. சேபின் கண்ட அந்தச் செந்நிறம் ஏறுதல், உண்மையில் ஒரு சுவடியின் கயிறு அவிழும் நிகழ்ச்சியே!

கட்டுவதும் அவிழ்ப்பதைப் போலவே முக்கியம். சி.எச்.டி.-4 என்னும் மற்றொரு மறுவடிவமைப்புப் புரதத்தைக் குழாய்ச் செல்களிலிருந்து நீக்கியபோது, மூடியிருக்க வேண்டிய மரபணுக்கள் மிகையாக இயங்கின. குழாயைத் தாங்கும் புறப்பொருள் செரிக்கப்பட்டு, எலிக்கருவின் குழாய்கள் வெடித்தன. இது 2013-இல் தெரியவந்தது. உரிய காலத்தில் திறத்தல், உரிய காலத்தில் மூடல்: இவ்விரண்டுக்கும் இடையில்தான் உயிர் ஊசலாடுகிறது.

சேபினின் பழைய வழக்குகளுக்கும் தீர்ப்பு வந்தது. 2010-இல் சீப்ரா மீன் கருவிலும் எலிக்கருவிலும், பெருந்தமனியின் அடிச்சுவரில் இருந்த செல்கள் வளைந்து பிரிந்து இரத்த மூலச்செல்களாவதை வெவ்வேறு ஆய்வுக் குழுவினர் உயிருள்ள நிலையிலேயே கண்டனர். சேபின் கண்டது முட்டையின் மஞ்சட்கருவின் மேல் நிகழும் முதல் அலை. இது பின்னர் வரும் அலை. ஆயினும் சுவர் குருதியாகும் என்னும் அடிப்படை உண்மை ஒன்றே. அவர் அதனை வெளியிட்டு 90 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நிணநீர் வழக்கிலும் பெரும்பகுதி அவருக்கே வெற்றி. சிரைச் செல்கள் சில, பிராக்ஸ்-1 என்னும் மரபணுவை இயக்கி நிணநீர்ச் செல்களாக மாறி அரும்புகின்றன என்பதை 1999 முதல் வந்த எலி ஆய்வுகள் நிறுவின. சிரை சிரையாகத் தனித்தன்மை பெறுவதற்கே பி.ஆர்.ஜி.-1 துணைபுரிகிறது என்பதும் 2013-இல் வெளியாயிற்று. அதே வேளையில், இதயம், தோல் போன்ற சில இடங்களில் ஒரு பகுதி நிணநீர் நாளங்கள் சிரையல்லாத மூலத்திலிருந்தும் தோன்றுவதாகப் பின்னைய ஆய்வுகள் கூறுகின்றன. எதிர்த்தரப்பினரும் முற்றிலும் தவறியவர் அல்லர். அறிவியலின் நேர்மை இதுதான்; அங்கே வென்றவரின் கணக்கும் மீண்டும் சரிபார்க்கப்படும்.

நாம் கொள்ள வேண்டியது

புரதங்களின் பெயர்களையும் மரபணுக்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்யும் நமக்கு, இவற்றுக்கெல்லாம் முன்னே ஒருவர் உட்கார்ந்து பார்த்தார் என்பது மறந்துவிடுகிறது. குழாய்ச் சுவர் இரத்தமாகிறது என்று சேபின் கண்டு எழுதி வைத்ததால்தான், எவ்வாறு ஆகிறது என்று பின்வந்தோர் கேட்க முடிந்தது. காரணம் தெரியவில்லை என்பதற்காக அவர் கண்டதை மறைக்கவில்லை. கண்டதற்கு மேல் கதை கட்டவும் இல்லை. எட்டாததை வருங்காலத்திற்கு விட்டுவிட்டார்.

பெண்ணுக்கு ஏன் இவ்வளவு படிப்பு என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய மாணவியர் நம்மிடையே பலர் உள்ளனர். ஆசிரியப் பணி செய்து பணம் சேர்த்து மருத்துவம் படித்த சேபினின் கதை, அவர்களுக்குத் தம் சொந்த அக்காவின் கதைபோலவே தோன்றும். மேரி காரெட் திறந்துவைத்த கதவு இல்லையேல் அந்த இரவு இல்லை. கதவுகளைத் திறந்து வைப்பது சமுதாயத்தின் கடமை. நுழைந்தபின் விடியும்வரை விழித்திருப்பது நம் கடமை.